மலையூரின் மக்கள்தொகைக் குறிப்பை எழுதுவது எப்படி

நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் போன்ற ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது பலரும் தடுமாறுவது "மக்கள்" என்ற பத்தியில்தான். படுகர், தோடர், கோத்தர், இருளர், பணியர், மலையாளிகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் என்று பெயர்களை அடுக்கிவிடலாம். யார் எத்தனை பேர் என்றதும் கை நின்றுவிடும். சில வெளிநாட்டு ஊர்களுக்கு இனவாரியாக ஒரே அட்டவணை கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் தேடிப் பயனில்லை. நம் கணக்கெடுப்பில் இனம் என்ற கேள்வியே கிடையாது. 2011-இல் கேட்டவை பட்டியல் சாதியா பழங்குடியா என்பது, மதம், தாய்மொழி, பிறந்த இடம். இவை தனித்தனி அட்டவணைகள். ஒன்று ஊர் அளவில் கிடைக்கும், இன்னொன்று வட்ட அளவில், வேறொன்று மாவட்ட அளவில் மட்டும். எந்த எண்ணை எழுதினாலும் அது எந்த எல்லைக்கு உரியது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே நின்றுவிடும்.

எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள். கோத்தகிரி என்றால் நகர எல்லையா, வட்டமா? 2011-இல் பேரூராட்சியாகக் கணக்கிடப்பட்ட கோத்தகிரியின் மக்கள்தொகை 28,207. சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்கள்) சில இந்த எண்ணுக்குள் இருக்கும், பல வெளியே இருக்கும். நீலகிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஒரு வருவாய் கிராமத்துக்குள் பல ஹட்டிகள், எஸ்டேட் லைன்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), காலனிகள் எல்லாம் அடங்கிவிடும். கணக்கெடுப்பு "கிராமம்" என்பது அந்த வருவாய் கிராமத்தைத்தான். ஆகவே ஒரு ஹட்டிக்கோ, ஒரு தோடர் மந்துக்கோ (தோடர் குடியிருப்பு) தனி எண் கிடைக்காது. அந்தப் பெயரிலேயே வருவாய் கிராமம் இருந்தால் அதன் எண்ணை எடுத்து ஹட்டியின் தலையில் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளாட்சி எல்லைகளும் மாறிக்கொண்டே இருப்பவை. இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும் முன் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஊரின் பரப்பளவைப் பாருங்கள். பரப்பு மாறியிருந்தால் "மக்கள் பெருகினர்" என்று எழுதாதீர்கள்.

அடுத்தது முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம். கணக்கெடுப்பை நடத்தும் தலைமைப் பதிவாளரின் இணையதளத்தில் எக்செல் கோப்பாகவே கிடைக்கும். பேரூராட்சிக்கு வார்டு வாரியாகவும் உண்டு. மொத்தம், ஆண், பெண், 0–6 வயதுக் குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், தொழிலாளர் என்ற வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தறிவு விகிதத்துக்கு மொத்த மக்கள்தொகையால் வகுக்காமல், 0–6 குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். தொழில் பத்தியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை "விவசாயத் தொழிலாளர்" வரிசையில் தேடாதீர்கள். கணக்கெடுப்பு அவர்களை "பிற தொழிலாளர்" வரிசையில் வைக்கிறது. இது தெரியாமல் எஸ்டேட் சூழ்ந்த ஊரைப் பார்த்து "விவசாயமே இல்லை" என்று எழுதுகிறார்கள்.

ஒப்பீட்டுக்கு மாவட்ட எண்களைப் பக்கத்தில் வையுங்கள். 2011-இல் நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. அதில் பட்டியல் சாதியினர் சுமார் 32%, பழங்குடியினர் சுமார் 4.5%. மாநில அளவில் இவை சுமார் 20%, 1.1%. மலை மாவட்டம் என்றதும் பழங்குடியினர்தான் பெரும்பான்மை என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பதில். படுகர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பட்டியல் சாதி எண்ணைப் பயன்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை. சட்டப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்த வரிசையில் வருவார்கள். கிறிஸ்தவரான தலித் குடும்பங்கள் அதில் இல்லை. எஸ்டேட்டுகளிலும் பழைய மிஷன் ஊர்களிலும் இதனால் எண் குறைந்தே தெரியும். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே மத விழுக்காட்டையும் சாதி விழுக்காட்டையும் ஒரே வட்டப் படத்தில் போட்டால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியதாகும். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். மதத்துக்கான சி-1 அட்டவணை ஊர் அளவில் கிடைக்கிறது.

தாய்மொழிக்குச் சி-16 அட்டவணை. மலையூரின் முகம் தெரிவது இங்கேதான், ஏமாற்றுவதும் இங்கேதான். "கன்னடம்" என்ற தலைப்பின் கீழே படுகர் மொழியான படகா ஒரு துணை வரிசையாக இருக்கும். 2011-இல் நாடு முழுவதும் 1,33,550 பேர். குறும்பா மொழியும் கன்னடத்தின் கீழ்தான். இருளர் மொழி தமிழின் கீழே, பணியர் மொழி மலையாளத்தின் கீழே. தலைப்பு வரிசையை மட்டும் எடுத்தால் படுகர் அனைவரும் கன்னடர் ஆகிவிடுவார்கள். தலைப்பையும் துணையையும் கூட்டினால் இரட்டைக் கணக்கு. துணை வரிசைகளை மட்டும் எடுங்கள். நாட்டளவில் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகள் "பிற" என்ற வரிசையில் போய்விடுவதால் தோடா, கோத்தா மொழிகளைப் பெயரோடு பார்க்க முடியாது. சிறிய ஊருக்கு இந்த அட்டவணை வட்ட அளவில்தான் உதவும். வட்டத்தின் படகா விழுக்காட்டை 28,207-ஆல் பெருக்கி "கோத்தகிரி நகரில் இத்தனை படுகர்" என்று எழுதக் கூடாது. படுகர் செறிந்திருப்பது ஹட்டிகளில். கடைவீதியின் கலவையே வேறு.

நீலகிரியின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள். சமூகவாரியான எண் மாவட்ட அளவிலேயே வெளியாகிறது, ஊர் அளவில் இல்லை. அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2011-இல் தமிழகம் முழுவதிலும் தோடர் 2,002 பேர் என்று பதிவாகியிருக்கிறது, அது பொருந்துகிறது. கோத்தரோ வெறும் 308! கோத்தருக்கு மலையில் ஏழு கோக்கால்கள் (கோத்தர் ஊர்கள்) உண்டு. ஒரு கோக்காலுக்குச் சராசரி 44 பேர்தான் என்று யாரும் ஏற்க மாட்டார்கள். எதிர்ப்பக்கம் காட்டுநாயக்கர் 46,672. இதில் பெரும்பகுதி சமவெளி மாவட்டங்களில் பதிவானது. கூடலூர்க் காட்டோரம் வாழ்பவர்களின் எண்ணாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. குறும்பரிலும் ஆலு, பெட்ட, முள்ளு, தேன் என்று பிரிவுகள் உண்டு. தேன் குறும்பர் பலருக்குச் சான்றிதழில் காட்டுநாயக்கர் என்றே இருக்கும். இப்படிப்பட்ட இடங்களில் எண்ணை எழுதிவிட்டு, அது ஏன் ஐயத்துக்குரியது என்று ஒரு வரி சேருங்கள். முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் சமூகவாரியான விவரம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த அட்டவணையிலும் தென்படாதவர்கள் தாயகம் திரும்பியோர். 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களில் பெருந்தொகையினர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன; அதுவே இன்று டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். அவர்கள் தாய்மொழி தமிழ். பிறப்பிட அட்டவணையில் இலங்கை என்று முதல் தலைமுறை மட்டும்தான் தெரியும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள். எனவே எண் தேடாமல் இடத்தைக் குறியுங்கள்: எந்த டான்டீ டிவிஷன், எந்தக் காலனி, எந்த ஆண்டு வாக்கில் குடியேற்றம். எஸ்டேட் லைன்களுக்கு அண்மையில் வந்த வடமாநிலத் தொழிலாளர்களும் 2011 எண்ணில் இல்லை.

வெலிங்டன் போன்ற இடத்துக்கு எழுதுவதானால் படைப் பயிற்சி மையத்தையும், பள்ளி விடுதிகள் உள்ள ஊர் என்றால் விடுதிகளையும் குறிப்பிடுங்கள். கணக்கெடுப்பு 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. சீசன் தொடங்காத காலம், ஆனால் விடுதிகள் நிறைந்திருக்கும். ஆண் பெண் விகிதமும் மொழிக் கலவையும் அதனால் சாயும்.

ஊருக்குள் போய் விசாரிக்கும்போது வீடு வீடாகச் சாதி கேட்காதீர்கள். எந்தக் குடியிருப்பு எப்போது வந்தது, தங்களை எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று பெரியவர்களிடமும் அங்கன்வாடி ஊழியரிடமும் கேட்டால் போதும். பத்துப் பதினைந்து குடும்பம் மட்டுமே உள்ள பணியர் பாடியின் (குடியிருப்பின்) எண்ணை இடப்பெயரோடு வெளியிட வேண்டாம். ஆட்களை அடையாளம் காட்டியதாகிவிடும். சான்றிதழைப் படம் எடுப்பதும் கூடாது.

எழுதும் வரி இப்படி இருக்கட்டும்: "2011 கணக்கெடுப்பின்படி, அன்றைய பேரூராட்சி எல்லைக்குள் பட்டியல் சாதியினர் இத்தனை விழுக்காடு, பழங்குடியினர் இத்தனை விழுக்காடு. தாய்மொழி விவரம் கோத்தகிரி வட்டம் முழுமைக்கும் உரியது." விழுக்காட்டை ஒரு தசமத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்; பக்கத்திலேயே ஆள் எண்ணையும் கொடுங்கள்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். அதில் எல்லாச் சாதிகளும் பதிவாக இருக்கின்றன. அந்த அட்டவணைகள் வந்ததும் 2011 எண்களை அழித்துவிட்டுப் புதியதை ஒட்டாதீர்கள். புதிய எல்லையைக் குறித்துக்கொண்டு தனிப் பத்தியாகக் கீழே சேருங்கள்.