சிங்கப்பூர் முதல் நியூயார்க் வரை: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

அக்கா ஒரு ஜூலை மாதம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் கிளம்பினாள். டிக்கெட்டை வாங்கிப் பார்த்த அம்மா, "காலை எட்டு மணிக்கு ஏறி மதியம் இரண்டரைக்கு இறங்கிவிடுகிறாளே, ஆறரை மணி நேரம்தானா?" என்று கேட்டார். அன்று அம்மாவுக்குச் சொன்ன கணக்குதான் இது. ஓர் உலக உருண்டையும் கொஞ்சம் நூலும் இருந்தால் போதும்.

படி 1: நூலை இழுத்துப் பிடியுங்கள்

தட்டையான வரைபடத்தை ஒதுக்கிவிடுங்கள். அதில் கிழக்கு மேற்காகக் கடல்களைத் தாண்டுவதே நேர்வழி என்று தோன்றும். உருண்டையில் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் வழுக்கி வழுக்கி மேலே ஏறி, ஏறக்குறைய வட துருவத்தின்மேல் போய் நிற்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. முதன்முறை பார்ப்பவர்கள் நம்ப மறுப்பார்கள். அவர்கள் கையிலேயே நூலைக் கொடுங்கள்.

படி 2: டிகிரியைக் கிலோமீட்டர் ஆக்குங்கள்

சாங்கி விமான நிலையம் 1.4° வடக்கு, 104° கிழக்கு. கென்னடி விமான நிலையம் 40.6° வடக்கு, 73.8° மேற்கு. 104-ஐயும் 73.8-ஐயும் கூட்டினால் 177.8. ஏறக்குறைய 180, அதாவது பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள். வட துருவம் இருப்பது 90° வடக்கில். எனவே சாங்கியிலிருந்து துருவத்துக்கு ஏற 88.6° (90 - 1.4), அங்கிருந்து நியூயார்க்குக்கு இறங்க 49.4° (90 - 40.6), மொத்தம் 138°. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,318. துல்லியமான தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். கைக்கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

எதிரெதிரே அமையாத ஊர்களுக்கு இந்தச் சுருக்குவழி பொருந்தாது. கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, வலது கிளிக் செய்து, தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

படி 3: நேரம்

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விமானங்கள் பெரும்பாலும் துருவத்தின் வழியே போவதில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றைப் பிடித்துக்கொண்டு, போகும்போது பசிபிக் பக்கமாகவும் திரும்பும்போது பல நாட்கள் அட்லாண்டிக் பக்கமாகவும் பறக்கின்றன. தூரம் கூடினாலும் காற்று கைகொடுக்கிறது. பயணம் பதினெட்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 4: கடிகாரம்

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அம்மா கழித்தது இரண்டு வெவ்வேறு கடிகாரங்களை. முதலில் புறப்படும் ஊரின் நேரத்திலேயே கூட்டுங்கள்: காலை 8 மணியோடு பதினெட்டரை மணி நேரம் சேர்ந்தால், மறுநாள் அதிகாலை 2.30. கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். கழித்தால் அதே நாள் மதியம் 2.30. நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13 மணி நேரத்தைக் கழிக்க வேண்டும்.

கணக்கு புரிந்ததும் அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. அதிகாலை இரண்டரைக்கு அலாரம் வைத்துவிட்டு, கைப்பேசியைத் தலையணை அருகில் வைத்துக்கொண்டு படுத்தார்.