பிஓஎல்ஆர்1சி: ஜீன் ரிப்போர்ட் கையில் வந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் ஆற்காடு ரோட்டில் ஃபைலும் கையுமாக நடப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. முன்பு அந்த ஃபைலில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான் இருக்கும். இப்போது சிலருடைய ஃபைலில் ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டும் சேர்ந்திருக்கிறது. அதில் பிஓஎல்ஆர்1சி என்று ஒரு பெயர் இருந்தால் உடனே செல்போனில் தேடி, முதலில் வரும் படத்தைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். ஆனால் ஜீனின் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இது 6-வது குரோமோசோமில் இருக்கும் ஜீன். டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏவை உருவாக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதிக்கு ஓர் உறுப்பைச் செய்து தருகிறது. நம் செல்லின் உட்கருவில் இந்த நொதி மூன்று வகை. பெயரில் 1 இருப்பதால் முதல் வகைக்கு மட்டும் உரியது என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் ரைபோசோமுக்கான (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பு) ஆர்என்ஏவைச் செய்யும் முதல் வகையிலும், டிஆர்என்ஏ போன்ற சிறிய ஆர்என்ஏக்களைச் செய்யும் மூன்றாம் வகையிலும் இந்த உறுப்பு இருக்கிறது. இரண்டாம் வகையில் கிடையாது. பெயரில் 2 இருக்கும் பிஓஎல்ஆர்2எச் என்ற இன்னொரு ஜீன் தரும் உறுப்போ மூன்றிலும் உண்டு. பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பத்துக்கு மார்க் போவது நம் பிள்ளைகளுக்கு!

அடுத்த தவறு, ஒரு ஜீனுக்கு ஒரு நோய் என்று நினைப்பது. ட்ரீச்சர் காலின்ஸ் என்ற முக எலும்புக் குறைபாட்டுக்கு இந்த ஜீனும் காரணமாகலாம் என்று 2011-இல் தெரியவந்தது. அதில் கன்ன எலும்பும் கீழ்த்தாடையும் சரியாக வளராது, காது மடல் சிறுத்திருக்கும். கரு உருவாகும் தொடக்க வாரங்களில் முகத்துக்கான செல்கள் வேகமாகப் பெருக ரைபோசோம்கள் ஏராளமாகத் தேவை. அவை போதாமல் போனால் அந்த செல்கள் மடிகின்றன. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முகத்தைப் பார்த்து அறிவும் குறைவு என்று முடிவு கட்டுவது இன்னும் மோசம். இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் புத்தி இயல்பாகவே இருக்கும். காது கேட்காததால்தான் பேச்சு தாமதப்படும், எலும்பு வழியாக ஒலி கடத்தும் கருவி வைத்தால் கேட்கும்.

2015-இல் இதே ஜீனின் வேறு மாற்றங்கள் மூளையின் வெள்ளைப் பகுதியைப் பாதிக்கும் லூக்கோடிஸ்ட்ரோஃபிக்குக் காரணம் என்று தெரிந்தது. அதில் நடை தள்ளாடும்; சிலருக்குப் பல் முளைப்பதிலும் பருவமடைவதிலும் கோளாறு இருக்கும். ஆக, ஜீன் ஒன்று, நோய் இரண்டு.

அப்புறம், நம் பக்கத்துப் பிரச்சினை: மருமகள் மேல் பழி போடுவது. இந்த ஜீனில் நோய் வர இரண்டு பிரதிகளிலும் பழுது வேண்டும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் மட்டும் பழுது இருப்பவர் நோயாளி அல்ல. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் சராசரியாகக் கால் பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு. அதனால்தான் சொந்தத்தில் கட்டினால் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 25 சதவீத ஆபத்து. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்ற கணக்கு செல்லாது.

ரிப்போர்ட்டில் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் இருந்தால் பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சோதித்தே ஆக வேண்டும். இரண்டுமே அப்பாவின் ஒரே பிரதியிலிருந்து வந்திருந்தால் குழந்தையின் நோய்க்கு அது விளக்கமே ஆகாது. செலவு பார்த்து இதைத் தள்ளிப்போடுபவர்களே அதிகம்.

டிபி பரிசோதனையில் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்கு எதிர்ப்பு என்று வந்தாலும் குடும்ப ஜீனில் கோளாறு என்று சிலர் கலங்குகிறார்கள். அது பாக்டீரியாவின் ஆர்என்ஏ பாலிமரேஸில் வந்த மாற்றம். நோயாளியின் ஜீனுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். 11 வாரம் ஆனபின் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம், ஆனால் எந்த மாற்றத்தைத் தேடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது, சி என்ற ஆங்கில எழுத்தும் புள்ளியும் போட்டுத் தொடங்கும் வரியில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் பக்கப் படத்தை மட்டும் காட்டாமல் முழு ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள்.