சிலிண்டர் ட்ரான்ஸ்மிற்றரின் பற்றரி ஒரு பருவம் முழுக்க ஓட

திருகோணமலைக் கடலில் சுழியோட வசதியான காலம் ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை. பிறகு வாடை பிறக்கும், கடல் கலங்கும், படகுகள் கரைக்கு ஏறும். அந்த ஆறு மாதமும் அலுமாரிக்குள் கிடந்த ட்ரான்ஸ்மிற்றரை (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் கைக் கொம்பியூட்டருக்கு அனுப்பும் உருளை) சித்திரையில் எடுத்துப் பூட்டினால், கைக் கொம்பியூட்டரில் காற்றின் அளவு வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்தான் தெரியும். பெரும்பாலும் கருவியில் பழுது இல்லை. பற்றரிதான்.

இந்தச் சின்ன உருளைக்கு சுவிட்ச் கிடையாது. காற்றழுத்தம்தான் அதன் சுவிட்ச். சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேற்றரில், சிலிண்டர் வால்வோடு பூட்டும் பகுதியான முதல்நிலையில் உள்ள உயரழுத்தத் துளையில் பூட்டியிருக்கும் இது, சிலிண்டர் வால்வைத் திறந்து அழுத்தம் ஏறியதும் விழிக்கும். சில விநாடிகளுக்கு ஒருதரம் அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். வால்வை மூடி, வாய்த்துண்டின் பொத்தானை அமத்திக் குழாயில் நிற்கும் காற்றையும் வெளியே விட்டால், சில நிமிடங்களில் தூங்கிவிடும். வால்வை மூடினால் மட்டும் போதாது. பலர் தவறுவது இங்கேதான். குழாய்க்குள் 150 பார் அழுத்தம் அடைபட்டு நிற்கும்வரை, ட்ரான்ஸ்மிற்றரைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் கடலுக்குள்தான் இருக்கிறீர்கள். அழுத்தம் மாறாவிட்டால் தாமாகவே ஒடுங்கும் மாடல்களும் உண்டு; அதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விழித்திருக்கும் நேரம் 300 மணி என்று ஒரு பற்றரியை எடுப்போம். உப்புவெளியில் காலை 7 மணிக்குப் பூட்டித் திறந்து, புறாத்தீவில் ஒரு முறை, கோணேசர் மலையடியில் ஒரு முறை இறங்கி, பகல் 1 மணிக்குத் திரும்பும்வரை காற்றை வெளியேற்றாமல் வைத்திருந்தால் நாளுக்கு 6 மணி நேரம் போகும். 50 நாளில் பற்றரி முடிந்துவிடும். தண்ணீருக்குள் இருக்கும் 2 மணி நேரம் மட்டும் விழித்திருந்தால் அதே பற்றரி 150 நாள் தாங்கும், ஏறக்குறைய ஒரு பருவம். இரவும் பகலும் கொட்டிலுக்குள் அழுத்தத்தோடு விட்டால் 13ஆம் நாளே கதை முடிந்தது.

எந்தப் பற்றரி என்பது மாடலைப் பொறுத்தது. ஷியர்வோட்டர் ஸ்விஃப்டுக்கு சி.ஆர்.123ஏ. பழைய பெலாஜிக் வகைச் சாம்பல் நிறக் கருவிகளுக்கு சி.ஆர்.2. சூண்டோ டேங்க் பொட்டுக்கு அரை ஏஏ அளவில் உள்ள 3 வோல்ட் லித்தியம். இந்தக் கடைசியில் ஒரு பொறி இருக்கிறது: ஈ.ஆர்.14250 என்ற பற்றரியும் அதே உயரம், அதே தடிப்பு, ஆனால் 3.6 வோல்ட். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, உறையில் உள்ள எழுத்தை வாசிக்கவேண்டும். சி.ஆர்.123ஏ அளவிலேயே சார்ஜ் ஏற்றும் பற்றரிகளும் வருகின்றன. முழுச் சார்ஜில் அவை 4.2 வோல்ட் வரை போகும். காசு மிச்சம் என்று போட்டுக் கருவியைக் கெடுக்காதீர்கள். சாதாரண ஏஏ பற்றரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இவற்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதனால் பருவம் தொடங்கும்போதே இரண்டு உபரியாக வாங்கி, உறை பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்திருப்பது நல்லது.

லித்தியம் பற்றரிக்கு ஒரு குணம்: கடைசிவரை வோல்ட் அதிகம் இறங்காது, இறங்கத் தொடங்கினால் மளமளவென்று சரியும். ‘நேற்று நல்லாத்தானே இருந்தது’ என்று கேட்பதில் பயனில்லை. கொம்பியூட்டர் பற்றரி குறைவு என்று ஒருதரம் காட்டினால் அன்று பின்னேரமே மாற்றுங்கள்.

பற்றரி மாற்றும் முறை

முதலில் காற்றை வெளியேற்றிக் கருவியைக் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, மூடியின் விளிம்பில் ஈரம் இல்லாமல் காயவிடுங்கள். காயுமுன் திறந்தால் விளிம்பில் நிற்கும் ஒரு துளி உப்புத்தண்ணீர் உள்ளே வழிந்துவிடும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் தொடுமுனையில் பச்சையாகப் படிந்திருக்கும். மூடி கீழே பார்க்கும்படி பிடித்துத் திறந்தால் அந்தத் துளி வெளியே விழும்.

மூடியில் இருக்கும் ஓ ரிங்கை, அதாவது தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, கழற்ற ஊசி, சேப்டி பின் எதுவும் வேண்டாம். ரிங் கிடக்கும் பள்ளத்தில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும் தண்ணீருக்கு அதுவே வாசல். காலாவதியான வங்கி அட்டையின் மூலை போதும். பழைய ரிங்கைத் திரும்பப் போடாமல் புதிதையே போடுங்கள். அதற்கென்று பற்றரியும் ரிங்கும் சேர்ந்த பெட்டியை விற்கிறார்கள். புது ரிங்கை விரல்களுக்கு இடையில் மெல்ல உருட்டிப் பார்த்தால் மணலோ நூலோ ஒட்டியிருப்பது தட்டுப்படும். சிலிக்கன் கிரீஸ் அரிசியில் பாதி அளவு எடுங்கள்; ரிங் மினுங்கினால் போதும், வழுவழுவென்று இருந்தால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரீஸ் விரலால் பற்றரியின் முனைகளைத் தொடாதீர்கள். கூட்டல், கழித்தல் பார்த்துப் போட்டு, மூடி அடியில் போய் உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் இறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

பூட்டும்போது

உயரழுத்தத் துளையில் எச்.பி. என்று பொறித்திருக்கும். அதன் மரை 7/16 அங்குலம், தாழ்வழுத்தத் துளையினது வழக்கமாக 3/8. கையால் சுற்றும்போது லேசாகப் போகாவிட்டால் தப்பான துளை, நிறுத்துங்கள். இங்குள்ள ஓ ரிங்கின் இலக்கம் 012. துளையில் இருந்து குமிழி வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். 40 சதவீதத்துக்கு மேல் ஒட்சிசன் உள்ள கலவை பாவிப்பவர்கள் இந்த ரிங்குக்குச் சாதாரண சிலிக்கன் கிரீஸ் பூசக்கூடாது, ஒட்சிசனுக்கென்று உள்ள கிரீஸே வேண்டும். ஸ்பானர் சாவியை அடியிலுள்ள உலோகத் தட்டைப் பக்கங்களில் மட்டும் பிடியுங்கள். பிளாஸ்டிக் உடலைத் திருகினால் அது கழுத்தில் முறியும்.

பூட்டியபின் அது பார்ப்பதற்கு அசல் கைபிடிபோலவே இருக்கும். அதுதான் பெரிய ஆபத்து. படகில் உதவிக்கு வரும் பொடியன்கள் சிலிண்டரைத் தூக்க முதலில் கைவைப்பது அதில்தான், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. புறப்பட முன் ‘இதில பிடிக்காதேங்கோ’ என்று காட்டிச் சொல்லுங்கள், அல்லது ஒரு சாண் நீள உயரழுத்தக் குழாயின் நுனியில் பூட்டுங்கள்.

வால்வை மெதுவாகத் திறவுங்கள். சடாரென்று 200 பார் அடித்தால் உள்ளே உள்ள உணரிக்கு நல்லதல்ல.

அளவு வராமல் போனால்

புளூடூத்தின் அலை கடல்நீருக்குள் ஒரு சாண்கூடத் தாண்டாது. அதனால் பல ட்ரான்ஸ்மிற்றர்கள் 38 கிலோஹேர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசையைப் பாவிக்கின்றன; எட்டும் தூரம் ஏறக்குறைய 1 மீற்றர்தான். கார்மின் டி1 வேறு சாதி: ஒலி அலையால் 10 மீற்றர் வரை அனுப்பும், கூட வருபவரின் காற்றையும் பார்க்கலாம். 38 கிலோஹேர்ட்ஸ் வகையில் கொம்பியூட்டர் கட்டிய கைப்பக்கமே ட்ரான்ஸ்மிற்றரும் இருக்கட்டும். கையை நீட்டும்போது மட்டும் அறுந்தால் காரணம் தூரம். கமெரா பிளாஷ் சார்ஜ் ஏறும்போது அறுந்தால் காரணம் பிளாஷ்; சில விநாடியில் திரும்பிவரும். கரையில், கொம்பியூட்டரைப் பக்கத்தில் பிடித்தும் வராவிட்டால்தான் பற்றரியைச் சந்தேகியுங்கள்.

இறங்கியதும் அளவு திடீரென்று குறைவதைப் பார்த்துப் பதறுபவர்களும் உண்டு. வெயிலில் 45 பாகை செல்சியஸ் சூட்டில் 200 பார் காட்டிய சிலிண்டர், 28 பாகைக் கடலில் குளிர்ந்ததும் ஏறக்குறைய 11 பார் இறங்கும். கருவியில் பிழை இல்லை. ஊசி காட்டும் அழுத்தமானியோடு ஒப்பிட்டால் 5 முதல் 10 பார் வித்தியாசம் வருவதும் வழமை. அந்த மானியைக் கழற்றி எறிய வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். அதற்குப் பற்றரி தேவையில்லை. மானியும் இல்லாமல் கொம்பியூட்டரில் அளவும் நின்றுவிட்டால் அந்தச் சுழியோட்டம் அத்தோடு முடிந்தது, முறைப்படி மேலே வாருங்கள்.

வாடைக்கு முன் கருவியை அலசும்போது முதல்நிலையின் தூசிமூடியைக் காயவைத்து இறுக்கிப் பூட்டியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் முதல்நிலைக்குள் இறங்கி, ட்ரான்ஸ்மிற்றரின் ஊசித்துளைவரை போகும். நன்றாகக் காய்ந்தபின் பற்றரியைக் கழற்றி, மூடியைக் காலியாகவே பூட்டி, கழற்றிய திகதியை ஒரு ஒட்டு நாடாத் துண்டில் எழுதி ஒட்டுங்கள். ஏப்ரலில் புதுப் பற்றரி போட்டதும் படகில் ஏற்றாமல், கரையிலேயே ஒரு நிரப்பிய சிலிண்டரில் பூட்டி, கொம்பியூட்டரில் அளவு வருகிறதா, காற்றை வெளியேற்றியபின் நிற்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.