உங்கள் கிளப் நட்சத்திர வீரரை விற்குமா? கணக்கைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

2023 செப்டம்பர் 1. இங்கிலாந்துக் கால்பந்தில் டிரான்ஸ்ஃபர் காலம், அதாவது கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் காலம், முடிகிற நாள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பின் பிரென்னன் ஜான்சன் அன்று டாட்டன்ஹாமுக்குப் போனார். விலை 4.75 கோடி பவுண்டு. எட்டு வயதில் ஃபாரஸ்டின் இளையோர் பிரிவுக்கு வந்த பையன் அவர். அப்பாவும் அதே கிளப்புக்கு ஆடியவர். 2022இல் அணி இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகுக்கு ஏறியதில் ஜான்சனுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்படி ஒருவரை ஏன் விற்கிறார்கள் என்று கேட்டால், "கடன்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அது பாதிதான் சரி. மலை போலக் கடன் வைத்துக்கொண்டு யாரையும் விற்காத கிளப்புகள் இருக்கின்றன. அதைவிடக் குறைந்த கடனில் பாதி அணியை இழந்த கிளப்புகளும் இருக்கின்றன. கடன் எவ்வளவு என்பதைவிட, யாருக்கு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதுதான் முக்கியம். விற்பது என்று முடிவாகிவிட்டால், யார் போவார் என்பதைப் பெரும்பாலும் கணக்கேட்டில் அவர் பெயருக்கு நேரே இருக்கும் எண்தான் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ள முடியும். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

படி 1: ஆண்டறிக்கையை எடுங்கள்

இங்கிலாந்து கிளப் என்றால் வேலை எளிது. பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் கிளப்பின் நிறுவனப் பெயரைத் தேடினால் கணக்கறிக்கை இலவசமாகக் கிடைக்கும். டார்ட்மண்ட், யுவென்டஸ், மான்செஸ்டர் யுனைடெட் போல பங்குச் சந்தையில் இருக்கும் கிளப்புகள் தங்கள் முதலீட்டாளர் பக்கத்திலேயே அறிக்கையைப் போடுகின்றன. பிரிட்டனில் தனியார் நிறுவனங்கள் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கைத் தாக்கல் செய்தால் போதும். அதனால் உங்கள் கையில் இருப்பது கொஞ்சம் பழைய படம் என்பதை மறக்க வேண்டாம்.

படி 2: கடனைப் பிரித்து வையுங்கள்

மொத்தக் கடன் என்று செய்தியில் வரும் பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு, எது எதில் சேரும் என்று எழுதுங்கள்.

முதல் பத்தி, முதலாளி கொடுத்த கடன். செல்சியில் ரோமன் அப்ரமோவிச் கொடுத்திருந்தது சுமார் 150 கோடி பவுண்டு. அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. 2022இல் கிளப்பை விற்றபோது தள்ளுபடியே செய்துவிட்டார். அவ்வளவு பெரிய தொகை இருந்தும் அதற்காக ஒரு நட்சத்திரத்தை விற்க வேண்டிய நெருக்கடி அங்கே வரவில்லை. ஆனால் முதலாளி மாறும்போதும், அவருக்கே பணமுடை வரும்போதும் நிலைமை தலைகீழாகலாம். இத்தாலியில் லாசியோவின் முதலாளியுடைய உணவு நிறுவனம் சரியத் தொடங்கியதும், 2002 ஆகஸ்ட் கடைசி நாளில் கேப்டன் அலெசாண்ட்ரோ நெஸ்டா ஏசி மிலானுக்குப் போனார். ஹெர்னான் கிரெஸ்போ இன்டருக்குப் போனார்.

இரண்டாவது, அரங்கம் கட்ட வாங்கிய கடன். இது பொதுவாக நீண்ட காலத் தவணை. 2019இல் திறந்த டாட்டன்ஹாம் அரங்கத்தின் கடன் பெரியதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்குப் பரவி, குறைந்த வட்டியில் இருக்கிறது. அரங்கமே டிக்கெட், உணவு, கச்சேரி என்று வருமானமும் கொண்டுவருகிறது. பாதி கட்டிய அரங்கம்தான் ஆபத்து. அதற்கு வட்டி உண்டு, வருமானம் இல்லை. வலென்சியா 2007இல் தொடங்கிய புதிய அரங்கத்தின் வேலை 2009இல் நின்றுபோனது. 2010இல் டேவிட் வியா பார்சிலோனாவுக்கும் டேவிட் சில்வா மான்செஸ்டர் சிட்டிக்கும் போனார்கள். 2011இல் ஹுவான் மாட்டா செல்சிக்கு. இரண்டே ஆண்டில் அந்த அணியின் தாக்குதல் வரிசை கலைந்துவிட்டது.

மூன்றாவது, வங்கியோ நிதி நிறுவனமோ கொடுத்த சாதாரணக் கடன். என்ன ஈடு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வரப்போகும் டிவி பணம், டிக்கெட் பணம் எல்லாம் அடகில் இருந்தால் அதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவதைத்தான் புதிதாகப் படிப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். டிரான்ஸ்ஃபர் நிலுவை. வீரரை வாங்கும் கிளப் முழுப் பணத்தையும் அன்றே கொடுப்பது அபூர்வம். மூன்று நான்கு தவணையாகப் பிரித்துக் கொடுக்கும். போன வருடம் நீங்கள் கொண்டாடிய வீரருக்கு இந்த வருடமும் பணம் கட்ட வேண்டியிருக்கும். இன்னொரு கிளப்புக்குச் சேர வேண்டியதைக் கட்டாவிட்டால் புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபா தடை போட முடியும். அதனால் இந்தப் பத்தியைத் தள்ளிப்போடுவது கடினம்.

படி 3: தேதியைப் பாருங்கள்

அறிக்கையில் "ஓராண்டுக்குள் செலுத்த வேண்டியவை" என்று ஒரு வரி இருக்கும். அதை ஒரு பக்கம் எழுதுங்கள். கையிருப்பு ரொக்கத்தையும் ஓராண்டுக்குள் மற்றவர்களிடமிருந்து வர வேண்டிய தொகையையும் கூட்டி எதிர்ப்பக்கம் எழுதுங்கள். இடைவெளி பெரிதாக இருந்து, முதலாளியும் பணம் போடாதவர் என்றால், அந்தக் கிளப் யாரையாவது விற்றுத்தான் ஆக வேண்டும்.

லீட்ஸ் யுனைடெட் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. 2001இல் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதி வரை போன இளம் அணி அது. எதிர்கால டிக்கெட் வருமானத்தை ஈடாகக் காட்டி 6 கோடி பவுண்டு கடன் வாங்கியிருந்தார்கள். வருடா வருடம் சாம்பியன்ஸ் லீகில் ஆடுவோம், அந்தப் பணத்தில் கட்டிவிடுவோம் என்பது கணக்கு. ஆனால் அந்த சீசனில் லீக்கில் நான்காம் இடம், அடுத்த சீசனில் ஐந்தாம் இடம். இரண்டு முறையும் சாம்பியன்ஸ் லீக் கதவு மூடிவிட்டது. வருமானம் வரவில்லை, தவணை மட்டும் வந்தது.

2002 கோடையில் கேப்டன் ரியோ ஃபெர்டினாண்ட் சுமார் 3 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெடுக்குப் போனார். 1.8 கோடிக்கு வாங்கியவர் என்பதால் அது நல்ல விலைதான். அடுத்து ராபி கீன். 2003 ஜனவரியில் ஜொனாதன் உட்கேட். அதே மாதம் ராபி ஃபவுலர் மான்செஸ்டர் சிட்டிக்கு. இந்தக் கடைசி விற்பனையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகாதவர். அவரைச் சுமார் பாதி விலைக்கு விட்டுக்கொடுத்தார்கள். போன பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸ்தான் கட்டியது. நெருக்கடி எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் வாங்குபவர் அவசரப்பட மாட்டார். விலை தானாக இறங்கும் என்று காத்திருப்பார். முதலில் விற்கப்பட்டவருக்கு நல்ல விலை, கடைசியில் விற்கப்பட்டவருக்கு அடிமாட்டு விலை. 2004இல் லீட்ஸ் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. திரும்பி ஏற 16 ஆண்டு ஆனது.

படி 4: சம்பளத்தை வருமானத்தால் வகுங்கள்

நூறு ரூபாய் வருமானத்தில் எவ்வளவு சம்பளத்துக்குப் போகிறது? அணிக்கான மொத்தச் செலவை, அதாவது சம்பளம், டிரான்ஸ்ஃபர் செலவு, ஏஜென்ட் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து, வருமானத்தில் 70 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ வகுத்திருக்கும் எல்லை. வெறும் சம்பளமே அதைத் தாண்டினால் கவலைப்படலாம்.

2021 ஆகஸ்டில் பார்சிலோனா தலைவர் லபோர்ட்டா சொன்ன கணக்கில் கடன் 135 கோடி யூரோ, சம்பளம் வருமானத்தில் 103 சதவீதம். மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டும்கூட ஸ்பெயின் லீகான லா லிகாவின் செலவு வரம்பு அவரைப் பதிவு செய்ய இடம் தரவில்லை. அவருடைய ஒப்பந்தம் ஜூன் 30 அன்றே முடிந்திருந்ததால் ஒரு யூரோ விலைகூட வராமல் அவரை இழந்தார்கள். கடன் ஒரு வீரரை விற்க வைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். விற்கக்கூட வழியில்லாமல் போகவிடவும் செய்யும்.

படி 5: ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் புத்தக மதிப்பு போடுங்கள்

எனக்கு இந்தப் படிதான் மிக முக்கியம். மெதுவாகப் படியுங்கள்.

ஒரு வீரரை 5 கோடிக்கு, ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்குகிறீர்கள். கணக்கில் அந்த 5 கோடி ஒரே வருடச் செலவாக ஏறாது. வருடத்துக்கு 1 கோடி வீதம் ஏறும். மூன்று வருடம் கழித்து ஏட்டில் மிச்சமிருக்கும் அவர் மதிப்பு 2 கோடி. இப்போது அவரை 3 கோடிக்கு விற்றால், ஏட்டின்படி லாபம் 1 கோடி. ரொக்கமாகப் பார்த்தால் 2 கோடி நஷ்டம் மாதிரி தெரியும், ஆனால் இந்த வருடக் கணக்கில் அது லாபம்தான்.

சரி, அதே அணியில் இன்னொருவர். கிளப்பின் இளையோர் பிரிவிலேயே வளர்ந்தவர். அவரை யாரிடமும் விலை கொடுத்து வாங்கவில்லை, அதனால் ஏட்டில் அவர் மதிப்பு பூஜ்யம். அவரையும் 3 கோடிக்கு விற்றால் லாபம் முழு 3 கோடி.

விலை ஒன்றுதான். இரண்டாமவர் கணக்குக்கு மூன்று மடங்கு உதவுகிறார். நஷ்டத்துக்கு வரம்பு போடும் விதிகள் இருக்கும் லீக்கில், நெருக்கடி வந்ததும் கிளப் முதலில் திரும்பிப் பார்ப்பது சொந்த மண்ணில் வளர்ந்த பையனைத்தான். ரசிகர்கள் அதிகம் நேசிக்கும் ஆளும் அவராகவே இருப்பார். இந்த விதிகளில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத இடம் இதுதான். செலவைக் கட்டுப்படுத்துவது நியாயம். ஆனால் எட்டு வயதிலிருந்து பிள்ளையை வளர்த்த கிளப்புக்கு, அவனை விற்பதே லாபம் என்று ஆக்கி வைத்திருப்பது நியாயம் இல்லை.

இப்போது பிரென்னன் ஜான்சனுக்குத் திரும்புவோம். 2023 ஜூன் 30 உடன் முடிந்த மூன்று ஆண்டுகளில் ஃபாரஸ்டுக்கு அனுமதிக்கப்பட்ட நஷ்டம் 6.1 கோடி பவுண்டு. மூன்று ஆண்டும் பிரீமியர் லீகில் இருந்த கிளப்புகளுக்கு 10.5 கோடி. ஃபாரஸ்ட் அந்த மூன்றில் இரண்டு ஆண்டு கீழ்ப் பிரிவில் இருந்ததால் வரம்பு குறைந்தது. அதை 3.45 கோடி தாண்டிவிட்டார்கள். ஜான்சனின் ஏட்டு மதிப்பு பூஜ்யம் என்பதால் அவர் விலை கிட்டத்தட்ட அப்படியே லாபம். ஜூன் 30க்குள் இதே விலைக்கு விற்றிருந்தால் ஓட்டை அடைபட்டிருக்கும். ஆனால் அப்போது வந்த விலை குறைவு என்று கிளப் காத்திருந்தது. இரண்டு மாதம் கழித்து நல்ல விலை கிடைத்தது, ஆனால் அது அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்ந்தது. நல்ல விலைக்காகத்தான் காத்திருந்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. 2024 மார்ச்சில் தண்டனையாக ஃபாரஸ்டின் லீக் புள்ளிகளில் நான்கு போயின.

படி 6: ஒப்பந்தம் முடியும் தேதி

விற்பனை எல்லாவற்றையும் கடன் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்தப் படி. ஒரு வருடம்தான் மிச்சம், புதுப்பிக்க வீரருக்கு விருப்பமில்லை என்றால், பணக்காரக் கிளப்பும் விற்கும். 2023இல் ஹாரி கேன் பேயர்னுக்குப் போனது அப்படித்தான். எனவே உங்கள் தாளில் வீரர் பெயருக்குப் பக்கத்தில் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் எழுதிவிடுங்கள்.

படி 7: தாளை ஒன்றாக வைத்துப் படியுங்கள்

ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது அதிகம், சம்பள விகிதம் உயரம், ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி கைநழுவியது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் விற்பனை வரும் என்றே வையுங்கள். அப்புறம் வீரர் பட்டியலில் ஏட்டு மதிப்பு குறைவு, சந்தை விலை அதிகம், ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குள் முடிகிறது என்று இருப்பவரை வட்டமிடுங்கள். நிதியாண்டு ஜூன் 30 அன்று முடியும் கிளப் என்றால், ஜூன் கடைசி வாரத்தைக் கவனியுங்கள். 2024 ஜூன் கடைசியில் நியூகாசில் தன் இளையோர் பிரிவில் வளர்ந்த எலியட் ஆண்டர்சனையும், யான்குபா மின்டேயையும் அவசரமாக விற்றது இந்தத் தேதிக்காகத்தான்.

விற்ற மறுநாள் முழுப் பணமும் கைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வாங்கும்போது தவணை என்றால், விற்கும்போதும் தவணைதான். ஏட்டில் லாபம் இன்றே ஏறும், ரொக்கம் மூன்று வருடத்தில் வரும். பொறுக்க முடியாத கிளப் அந்த வரவுத் தவணைகளை ஒரு வங்கியிடம் கொடுத்து, தள்ளுபடி போக மீதியை உடனே வாங்கிக்கொள்ளும். அப்படிச் செய்திருந்தால் அடுத்த ஆண்டறிக்கையின் குறிப்புகளில் அது தெரியும். அதைப் பார்த்தால், அந்த வீரரை விற்றதில் வர வேண்டிய பணமும் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று அர்த்தம். தாளை எடுத்து முதல் பத்தியிலிருந்து மறுபடி நிரப்புங்கள், அடுத்த பெயர் யார் என்று பாருங்கள்.