அலுவலகத்தில் ஒரு முகவரி, வீட்டில் ஒரு முகவரி: மடிக்கணினியின் நெட்வொர்க் அமைப்புகள்

அலுவலகத்தில் ஒழுங்காக இயங்கிய மடிக்கணினி, வீட்டு வைஃபையில் இணைந்துவிட்டதாகக் காட்டிய பிறகும் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க மறுத்தால், அலுவலகத்திற்காகக் கையால் எழுதிவைத்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) அதில் அப்படியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலுவலகத்தில் 192.168.10.25 என்ற முகவரியும் 192.168.10.1 என்ற கேட்வேயும் (இணையத்திற்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி) கொடுத்திருக்க, வீட்டு ரவுட்டர் 192.168.1.1 இல் இருந்தால், கணினி அந்த வீட்டில் இல்லாத கேட்வேயைத் தேடிக்கொண்டே இருக்கும். இடம் மாறும்போதெல்லாம் இந்த எண்களை அழித்துத் திரும்ப எழுதுகிறவர்கள் பலர் உண்டு. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் அந்த வேலையே இல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன், அலுவலக நெட்வொர்க்கைக் கவனிப்பவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கணினியின் மேக் (MAC) முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்ணை, குறித்துக்கொண்டு, டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் முறை) வழியாகவே எப்போதும் அதே ஐபி கிடைக்கும்படி அவரால் ஒதுக்கித் தர முடிந்தால், கணினியை எல்லா இடங்களிலும் 'ஆட்டோமேட்டிக்' நிலையிலேயே விட்டுவிடலாம். என்னைக் கேட்டால் இதுவே சிறந்த வழி. ஆனால் அந்த வைஃபைக்கு ரேண்டம் ஹார்டுவேர் முகவரி என்ற வசதி அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேக் முகவரி மாறிவிடுவதால் ஒதுக்கீடு பயன்படாது.

அது இயலாதபோது, விண்டோஸ் 11 இல் வைஃபைக்கு வழி எளிது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் வைஃபையைத் திறந்து, 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' பட்டியலில் அலுவலக வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'ஐபி அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'மேனுவல்' ஆக்கி எண்களை எழுதுங்கள். இப்படி எழுதியது அந்த ஒரு வைஃபைக்கு மட்டுமே பொருந்தும். வீட்டு வைஃபை தானியங்கியாகவே இருக்கும். விண்டோஸ் 10 இல் இதே இடத்தில் சப்நெட் மாஸ்க்கை (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0 என்று எழுதாமல் 24 என்று எழுத வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக அடாப்டரிலேயே (கணினியை நெட்வொர்க்கில் இணைக்கும் வன்பொருள்) முகவரி எழுதியிருந்தால், அது எல்லா வைஃபைக்கும் பொருந்திவிடும் என்பதால் அதை முதலில் நீக்கிவிடுங்கள்.

கம்பி இணைப்பில் இப்படிப் பெயர் வைத்துப் பிரிக்க வழியில்லை. அதற்குக் கன்ட்ரோல் பேனலில் ஈதர்நெட் அடாப்டரின் ஐபிவி4 பண்புகளைத் திறந்து, முகவரியைத் தானாகப் பெறும் தேர்வை வைத்தால், 'ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்' என்ற தாவல் தோன்றும். அங்கே அலுவலக எண்களை எழுதினால், டிஎச்சிபி பதில் தராத இடத்தில், சிறிது நேரம் காத்திருந்த பிறகு, கணினி அவற்றை எடுத்துக்கொள்ளும். ஆகவே அலுவலகத்திலும் டிஎச்சிபி இயங்கினால் இது ஒருபோதும் செயல்படாது. அப்போது, அலுவலகக் கம்பிக்கென்று ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டரை வாங்கி அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது; விண்டோஸ் ஒவ்வொரு அடாப்டருக்கும் தனி அமைப்பு வைத்திருப்பதால், முகவரி அந்த அடாப்டரோடு நின்றுவிடும்.

ப்ராக்ஸி (கணினிக்கும் இணையத்திற்கும் இடையில் நிற்கும் சர்வர்) வேறு கதை. விண்டோஸ் செட்டிங்ஸில் அதை வைஃபைவாரியாகப் பிரிக்க முடியாது. ஆகையால் வீட்டிற்கு வந்ததும் அதை அணைக்க மறந்துவிடாதீர்கள்.

ஆப்பிளின் மேக் கணினிகளில் இதற்கென்றே 'லொகேஷன்' என்ற வசதி உண்டு. சிஸ்டம் செட்டிங்ஸின் நெட்வொர்க் பகுதியில் மூன்று புள்ளிப் பட்டனை அழுத்தி 'வீடு', 'அலுவலகம்' என இரண்டை உருவாக்கினால், ஐபி, டிஎன்எஸ் (தளப் பெயர்களை ஐபி எண்களாக மாற்றும் சேவை), ப்ராக்ஸி மூன்றும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். பிறகு ஆப்பிள் மெனுவிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகும் இணையம் வராவிட்டால், இணைப்பின் விவரங்களில் காட்டும் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், கணினி தானாக முகவரி கேட்டும் டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள்; அப்போது ரவுட்டரையும் கேபிளையும் பார்க்க வேண்டும். அது அலுவலக எண்ணாகவே இருந்தால், பழைய அமைப்பு எங்கோ இன்னும் நீங்காமல் இருக்கிறது.