மேசைமேல் வான்போர்: சிறு விமானங்களும் ராயபுரம் கடற்கரையும் செய்யும் முறை

மேசைப் போர் விளையாட்டில், அதாவது சிறு மாதிரிகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் போரில், வைக்கும் விமானத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு. மேசையின் மறுபக்கம் நிற்பவர் குனிந்து பார்க்காமலேயே அது யாருடைய, எந்த விமானம் என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் பல கைகள் மாறி எடுத்து வைத்த பிறகும் இறக்கை முறியாமல் இருக்க வேண்டும். அலமாரியில் வைத்து ரசிக்கச் செய்யும் மாதிரிகளின் நுணுக்கத்தை இங்கே தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் கோட்டை விடுகிறார்கள். ஆகவே எந்த வேலையைச் செய்வது, எதை விட்டுவிடுவது என்ற கேள்வி எழும்போதெல்லாம் மூன்றடி தூரத்தில் நிற்கும் கண்ணையும், அவசரமாக நீளும் கையையும் நினைத்து முடிவெடுங்கள்.

இந்தக் குறிப்புக்கு நான் எடுத்துக்கொண்ட களம் 1942 ஏப்ரல். அம்மாதம் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. பிரிட்டனின் ஹரிகேன்கள் அவற்றை எதிர்த்து எழும்பின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அடுத்தது சென்னைதான் என்ற அச்சத்தில் ஏராளமானோர் நகரை விட்டு வெளியேறினார்கள்; அந்த ஏப்ரலில் சென்னை தப்பியது. தப்பாமல் போயிருந்தால் என்ற கற்பனையை ராயபுரம் கடற்கரையின் மேல் ஆடிப் பார்ப்பதே நம் விளையாட்டு. ஆகவே விமானங்கள் இரண்டு வகை: பிரிட்டனின் ஹரிகேன், ஜப்பானின் ஜீரோ.

அளவுவிகிதத்தை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். 1/144 விகிதத்தில், அதாவது உண்மை அளவின் 144இல் ஒரு பங்காகச் செய்தால், ஹரிகேனின் இறக்கை முனைக்கு முனை எட்டரை செ.மீ. வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எட்டு விமானங்கள் வட்டமிட நாலடி மேசை போதாது. 1/300இல் அதே இறக்கை 4 செ.மீ.தான். பழைய வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ உள்ள வீடுகளின் கூடத்தில் விரிக்கக்கூடிய மேசைக்கு 1/300தான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. விலை கொடுத்து வெளிநாட்டுப் பெட்டிகளை வரவழைக்கத் தேவையில்லாமல் கையாலேயே செய்துவிடலாம் என்பதும் இந்த அளவின் நன்மை.

உடலுக்கு 3 மி.மீ. கனமுள்ள மூங்கில் குச்சி, அதாவது பனீர் துண்டுகளைக் கோத்துச் சுடும் குச்சி, ஏற்றது. ஹரிகேனுக்கு 33 மி.மீ., ஜீரோவுக்கு 30 மி.மீ. நீளத்தில் நறுக்கி, வால் பக்கத்தை உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்த்துக் கூராக்குங்கள். இறக்கைக்குக் காலாவதியான வங்கி அட்டை போதும். அதன் தடிமன் 0.76 மி.மீ.; வளையாது, எளிதில் முறியாது, தேய்த்தால் வழவழப்பாக வரும். இரு விமானங்களின் இறக்கையும் முனைக்கு முனை 40 மி.மீ. அளவே, நடுவில் சுமார் 8 மி.மீ. அகலம் வைத்து முனை நோக்கிக் குறுக்கி, ஓரங்களை வட்டமாக்குங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் அட்டை வளைந்துவிடும். எஃகு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தியால் இரண்டு மூன்று முறை கோடு கிழித்து, பிறகு மடக்கினால் கோட்டிலேயே சுத்தமாக முறியும். குச்சியின் அடிப்பக்கத்தை இறக்கை உட்காரும் இடத்தில் சற்றுத் தட்டையாகத் தேய்த்துவிட்டு ஃபெவிக்விக்கால் ஒட்டுங்கள். மரம் பசையை உறிஞ்சிவிடும் என்பதால் முதலில் ஒரு சொட்டு விட்டு உலரவிட்டு, அதன்மேல் மறுசொட்டு விட்டு இறக்கையை வைப்பது நல்லது.

இனி அடையாளம். ஹரிகேனுக்கு விமானி அறைக்குப் பின்னால் முதுகு சற்றுக் கூனியிருக்கும். பிசைந்து வைத்தால் இறுகிவிடும் எம்-சீலை உருட்டி அந்த மேட்டை வைத்து, ஈரவிரலால் வாலை நோக்கி வழித்துவிட்டால் போதும். ஜீரோவின் முன்புறம் வட்ட வடிவ எஞ்சினால் பருத்திருக்கும். குச்சியின் முனையில் மெல்லிய காகிதப் பட்டையை ஃபெவிகால் தடவிச் சுற்றி 4 மி.மீ. கனம் வரச் செய்யுங்கள். அதன் கண்ணாடிக் கூண்டு நீளமானது. அதையும் எம்-சீலில் வைக்கலாம். பக்கவாட்டில் கூனும் கூண்டும், மேலிருந்து பார்த்தால் கூர்மூக்கும் பருமூக்கும், இவைதான் மூன்றடியில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். சுழல்விசிறியை நான் வைப்பதே இல்லை. பறக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. மேசையிலோ முதலில் ஒடிவது அதுதான்.

தாங்கிக்குக் கடைகளில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தண்டைப் பலரும் வாங்குகிறார்கள். அது நம் ஊருக்கு ஏற்றதல்ல. மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வடசென்னையில் யாரும் ஆட முடியாது. விசிறிக் காற்றில் அந்த இலேசான தாங்கிகள் ஆடும், சாயும். சைக்கிள் ஸ்போக்கைப் பத்து, பன்னிரண்டு செ.மீ. நீளத்துக்கு வெட்டி, 4 செ.மீ. அகல வாஷர்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நடுத்துளையில் ஸ்போக்கை நிறுத்தி எம்-சீலால் அடைத்தால் எந்தக் காற்றும் அசைக்காது. இரண்டும் எந்தச் சைக்கிள் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஸ்போக்கின் மேல்முனையை அரத்தால் தட்டையாக்கிவிட்டு, விமானத்தின் வயிற்றில் 3 மி.மீ. வட்டக் காந்தம் ஒன்றை ஒட்டினால் வேண்டும்போது எடுக்கலாம், திருப்பலாம். வாங்குமுன் ஸ்போக்கில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில துருப்பிடிக்காத எஃகு வகைகளில் ஒட்டாது.

அந்தக் காந்தம் கண்ணை உறுத்துமே என்று கவலைப்பட வேண்டாம். ஹரிகேனுக்கு வயிற்றின் நடுவில்தான் ரேடியேட்டர் துருத்திக்கொண்டிருக்கும். காந்தத்தைச் சுற்றி எம்-சீல் பூசிப் பின்புறம் சரித்துவிட்டால் அதுவே ரேடியேட்டராகிவிடும். ஜீரோவுக்கு அதே இடத்தில் கூடுதல் எரிபொருள் கலம் தொங்கும். சண்டை தொடங்கியதும் விமானிகள் அதைக் கழற்றி விடுவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் மேசையில் யாரும் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

வண்ணத்துக்கு முன் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிப்பதில்தான் கடலோரத்தில் வாழ்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த வேளையில் ஸ்பிரே அடித்தால் பூச்சு வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். விடியற்காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். நண்பகலுக்குமேல் கடற்காற்று எழுந்து ஈரத்தையும் மாடித் தூசியையும் கொண்டுவரும். ஆகவே காலை பத்து மணிக்குமேல், கடற்காற்று வீசத் தொடங்குமுன் உள்ள இடைவெளியே சரியான நேரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஸ்பிரேயைத் தொடாமல், அக்ரிலிக் வண்ணத்தையே மெல்லிய தூரிகையால் இருமுறை பூசிவிடுங்கள். வெயிற்காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை: தட்டில் பிழிந்த அக்ரிலிக் சில நிமிடங்களில் இறுகிவிடும். மூடியுள்ள ஒரு டப்பாவில் நனைத்த டிஷ்யூவை விரித்து, அதன்மேல் பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் வெண்ணெய்த்தாளைப் போட்டு, அதில் வண்ணம் கலந்தால் மறுநாள் வரை ஈரம் காயாது.

சிறிய உருவத்தில் எந்த வண்ணமும் உண்மையைவிடக் கறுத்துத் தெரியும். உண்மை விமானத்தின் நிறத்தை அப்படியே பூசினால் மூன்றடியில் அது கரிக்கட்டையாகிவிடும். எல்லா வண்ணத்திலும் சிறிது வெள்ளை கலந்தே தீர வேண்டும். ஹரிகேனின் மேற்புறத்தில் கரும்பச்சையும் மண்பழுப்பும் வளைந்து வளைந்து மாறி வரும். முதலில் முழுவதும் பழுப்பைப் பூசி, உலர்ந்தபின் பச்சையை அகன்ற பட்டைகளாக இழுங்கள். அடிப்புறம் வெளிர்நிறம். அக்காலத்து ஜீரோ முழுவதும் பச்சை கலந்த வெளிர்ச்சாம்பல். வெள்ளையில் துளி கறுப்பும் மஞ்சள் ஓக்கரும் சேர்த்தால் அந்த நிறம் வந்துவிடும். மூக்கு மட்டும் நீலம் பாய்ந்த கறுப்பு.

வட்டச் சின்னங்களைத் தூரிகையால் வரைய முயலாதீர்கள். மூங்கில் குச்சியின் மழுங்கிய முனை 3 மி.மீ. வட்டம், அதை உப்புத்தாளில் தட்டையாக்கி, கெட்டியான வண்ணத்தில் தொட்டு, முதலில் காகிதத்தில் ஒருமுறை ஒற்றிவிட்டுப் பிறகு இறக்கையில் நேராக வைத்து எடுங்கள். ஜீரோவுக்குச் சிவப்பு வட்டம் ஆறு இடங்களில் வர வேண்டும்: இரு இறக்கைகளின் மேலும் கீழும் நான்கு, உடலின் இருபுறமும் இரண்டு. ஹரிகேனின் இறக்கை மேற்புறத்தில் நீலத்தை ஒற்றி, உலர்ந்தபின் நறுக்கிய பல்குச்சி முனையால் நடுவில் சிவப்பு வையுங்கள். பிற்காலப் படங்களைப் பார்த்து அந்தச் சிவப்பை விட்டுவிட வேண்டாம். ஜப்பானியச் சின்னத்தோடு குழப்பம் வரக் கூடாது என்று தென்கிழக்காசியாவில் பிரிட்டிஷார் சிவப்பை நீக்கியது பின்னர்தான். 1942 ஏப்ரலில் அது இருந்தது. கடைசியாக, கரும்பழுப்பை நீரில் நன்றாகக் கரைத்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்து, இறக்கை உடலைச் சேரும் மூலைகளில் ஓடவிட்டு, மங்கல் வார்னிஷ் பூசி முடியுங்கள்.

களத்துக்கு 5 மி.மீ. சன்போர்டை (இலேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) இரண்டடிச் சதுரங்களாக வெட்டிக்கொண்டால் நான்கைச் சேர்த்து மேசையாக்கலாம். பிரித்து ஆட்டோவிலும் எடுத்துச் செல்லலாம். தெர்மாகோலைக் கட்டடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஸ்பிரே பட்டாலும் ஃபெவிக்விக் பட்டாலும் கரைந்து பள்ளம் விழும்; எனவே தெர்மாகோலுக்கு ஃபெவிகாலும் தூரிகையும்தான். கடலுக்கு டிஷ்யூவை நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துச் சுருக்கங்கள் கரைக்கு இணையாக வரும்படி ஒட்டுங்கள். காசிமேட்டில் நின்று பார்ப்பவருக்குத் தெரியும், நம் கடல் கரையோரத்தில் நீலமே இல்லை. கலங்கிய பழுப்புப் பச்சையாகத் தொடங்கி, தொலைவில்தான் நீலம் பிடிக்கிறது. அந்த மாற்றத்தை ஈரம் காயுமுன் ஒன்றோடொன்று கலந்து பூசி, அலை முகடுகளில் மட்டும் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் வெள்ளையைத் தேய்த்து, பளபளக்கும் வார்னிஷ் கொடுத்தால் கடல் ஈரமாகவே தெரியும். மணலுக்குக் கடற்கரை மணலை எடுப்பதானால் நான்கைந்து முறை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பு தங்கிவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துப் பூச்சை உரித்துவிடும்.

கரையில் என்ன வைப்பது? 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம் அவசியம் இருக்க வேண்டும். தெர்மாகோல் உடலின் முன்னால் தென்னை ஈர்க்குகளைச் சம நீளத்தில் நறுக்கி வரிசையாக நிறுத்தினால், அந்தத் தூண்களாலேயே கட்டடம் இன்னதென்று தெரிந்துவிடும். சாளரங்களைச் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எண்ணெய்த் தொட்டிகளுக்கு 3 செ.மீ. பாட்டில் மூடிகள் போதும். இந்த விகிதத்தில் அவை 9 மீட்டர் அகலத் தொட்டிகள். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் குறிவைத்ததும் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைத்தான் என்பதால், 1942இலும் தாக்க வருபவருக்கு அவையே முதல் இலக்காக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டுமரம் செய்வது இருப்பதிலேயே இன்பமான வேலை. 2 செ.மீ. ஈர்க்குத் துண்டுகள் நான்கைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுத்துண்டுகளைச் சற்று முன்னால் நீட்டி, இரு முனையிலும் நூலால் கட்டி, ஒரு சொட்டுப் பசை வைத்தால் போதும்; பசையைத் தவிர, உண்மைக் கட்டுமரம் கட்டும் முறையே அதுதான். நாலைந்தைக் கரையேற்றியும் இரண்டைக் கடலிலும் விடுங்கள். தென்னை மரம் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். உயர்ந்தால் தாழப் பறக்கும் விமானத்தின் தாங்கியில் இடிக்கும்.

எல்லாம் முடிந்தபின் விமானங்களைத் தகர பிஸ்கட் டப்பாவில் வையுங்கள். வயிற்றிலுள்ள காந்தம் அடித்தகட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பஞ்சோ துணியோ இல்லாமலேயே திருவொற்றியூர் வரை பேருந்தில் கொண்டுபோகலாம். ஒன்றுக்கொன்று இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். நெருங்கினால் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்து இறக்கைகள் மோதும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். கட்டடங்கள் வைத்த பெட்டியில் அந்துருண்டை போடவே கூடாது. அதன் ஆவி தெர்மாகோலை இளக்கிவிடும்.