உலாவியில் கோப்பு இறங்கவில்லையா? முதலில் பட்டியலைத் திறந்து பாருங்கள்

சென்ற மாதம் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்க முயன்றதில் மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. குரோமை நீக்கி மறுபடியும் நிறுவினேன், உலாவி சேமித்துவைக்கும் தற்காலிகக் கோப்புகளான கேச்சை அழித்தேன், மோடத்தை அணைத்துப் போட்டேன், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் பார்த்தால், நானே என்றோ இயக்கிவைத்து மறந்துபோன ஒரு விண்டோஸ் அமைப்புதான் வழிமறித்துக்கொண்டிருந்தது. கீழே உள்ள படிகள் விண்டோஸ் 11இல் குரோம் பயன்படுத்துவோருக்கானவை. ஃபயர்ஃபாக்ஸிலும் ஏறத்தாழ இதே வழிதான்.

படி 1. கண்ட்ரோல், ஜே ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். பதிவிறக்கப் பட்டியல் திறக்கும். நீங்கள் கேட்ட கோப்பின் பெயர் அதில் இருக்கிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் உலாவியை நீக்கி நிறுவுவது வீண் வேலை.

படி 2. பெயரே இல்லையென்றால், பதிவிறக்கம் தொடங்கவே இல்லை என்று பொருள். பிடிஎஃப் கோப்பாக இருந்தால் அது பக்கத்துத் தாவலில் திறந்து கிடக்கலாம். அங்கே வலது மேல் மூலையில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் போதும். அப்படியும் இல்லையென்றால், முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியை அழுத்தி, ‘சைட் செட்டிங்ஸ்’ சென்று, ‘ஆட்டோமேட்டிக் டவுன்லோட்ஸ்’ என்பதைப் பாருங்கள். ஒரு தளம் பல கோப்புகளை இறக்க அனுமதி கேட்டபோது அவசரத்தில் ‘பிளாக்’ என்பதை அழுத்தியிருந்தால், குரோம் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் தடுக்கும். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், என் அழுத்தி மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் முயலுங்கள். உலாவியில் நாம் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்களான நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்), நீங்களாக அனுமதித்திருந்தாலன்றி அங்கே இயங்கா. ஆகவே அங்கே இறங்கும் கோப்பு வழக்கமான சாளரத்தில் இறங்கவில்லையென்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு நீட்சிதான் காரணம். தனியாகப் பதிவிறக்க மேலாளர் நீட்சி வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதுதான் இத்தகைய குழப்பங்களில் முதல் சந்தேகத்துக்குரியது.

படி 3. பெயர் இருந்து, பாதுகாப்பற்ற பதிவிறக்கம் என்ற எச்சரிக்கையுடன் நின்றிருந்தால், பக்கம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் (https) முகவரியில் இருக்க, கோப்பின் இணைப்பு மட்டும் பாதுகாப்பற்ற பழைய எச்டிடிபியில் (http) இருக்கக்கூடும். இத்தகைய கலப்பு இணைப்புகளை 2020 முதல் குரோம் படிப்படியாகத் தடுத்துவருகிறது. இணைப்பை நகலெடுத்துப் புதிய தாவலில் ஒட்டி, தொடக்கத்தில் உள்ள http என்பதை அடுத்து ஓர் ‘எஸ்’ சேர்த்து https என்று ஆக்கிப் பாருங்கள். பல தளங்களில் அதுவே போதும்.

படி 4. பெயர் இருந்து, போதிய அனுமதி இல்லை என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால், நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். என் பதிவிறக்கங்கள் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறைக்குள் சேருமாறு அமைத்திருந்தேன். அந்தக் கோப்புறையின் பண்புகளைத் திறந்து பார்த்தால் எனக்கு முழு அனுமதியும் இருந்தது. குரோமை நிர்வாகியாக இயக்கியும் பயனில்லை. சேமிக்கும் இடத்தை வழக்கமான ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறைக்கு மாற்றியதும் கோப்பு நொடியில் இறங்கியது. அப்போதுதான் பொறி தட்டியது. 2017இல் விண்டோஸ் 10உடன் வந்த ‘கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்னும் வசதி, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேரைத் தடுப்பதற்காக, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளில் தான் நம்பாத மென்பொருள் எதையும் எழுதவிடாது. ‘டவுன்லோட்ஸ்’ அந்த இயல்பான பட்டியலில் இல்லை.

இந்த வசதி தானாக இயங்காது. யாராவது இயக்கியிருக்க வேண்டும். ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் அடியில் உள்ள ‘மேனேஜ் ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன்’ என்பதற்குள் செல்லுங்கள். அங்கே ‘பிளாக் ஹிஸ்டரி’யில் குரோமின் பெயர் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். அனுமதிக்கப்பட்ட செயலியைச் சேர்க்கும் பகுதியில், அண்மையில் தடுக்கப்பட்டவை என்பதிலிருந்து குரோமைத் தேர்ந்தெடுத்து, குரோமை முழுவதுமாக மூடித் திறங்கள். மூடித் திறக்க மறந்து நான் இன்னொரு கால் மணி நேரம் திண்டாடினேன். வசதியையே அணைத்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு இறக்குங்கள் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த நண்பர் ஒருவருக்கு நான்கு படிகளும் உதவவில்லை. 5 ஜிபிக்கு மேற்பட்ட உபுண்டு 24.04 இயங்குதளக் கோப்பை 32 ஜிபி பென் டிரைவில் நேரடியாக இறக்கியிருக்கிறார். இடம் தாராளமாக இருந்தும் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. டிரைவின் பண்புகளில் ‘ஃபாட் 32’ என்றிருந்தது. அது வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் ஒரு பழைய முறை; அதில் ஒரே கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. முதலில் கணினியின் வட்டில் இறக்குங்கள்; பென் டிரைவிலேயே வைத்தாக வேண்டுமென்றால், உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு அந்த வரம்பு இல்லாத ‘எக்ஸ்ஃபாட்’ முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.